குடும்பக் கதையும் ஏட்டுச் சான்றும்

கொழும்பில் பேரே வாவியை அடுத்துள்ளது கொம்பனித்தெரு. மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை, றைபிள் வீதி என அங்குள்ள தெருப்பெயர்களே பழைய வரலாற்றைச் சொல்லி நிற்கின்றன. அப்பகுதியின் மலாய்க் குடும்பங்களிடையே வழிவழியாக வழங்கும் கதை ஒன்று உண்டு. தங்கள் மூதாதை சாவக நாட்டு இளவரசர் என்றும், ஒல்லாந்தர் அவரை இங்கு நாடு கடத்தினர் என்றும் முதியோர் கூறுவர். இக்கதை மெய்யா? மெய்யாயின், அதனை நிறுவுவது எவ்வாறு?

கதைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சாவகத்து மாத்தாராம் அரசின் மன்னர் மூன்றாம் அமங்குராத் 1708-ஆம் ஆண்டு ஒல்லாந்தரிடம் சரணடைந்து இலங்கைக்கு அனுப்பப்பட்டார். செலிபிஸ் தீவின் கோவா நாட்டு மன்னர் ஒருவரும் 1767-இல் நாடு கடத்தப்பட்டார். அவருடைய புதல்வர் சிலர் பின்னாளில் ஆங்கிலேயரின் மலாய்ப் படையில் அதிகாரிகளாயினர். ஆனால் அமங்குராத் 1734-இல் இலங்கையிலேயே உயிர் நீத்தபின், அவர் குடும்பத்தாரில் பலர் சில ஆண்டுகளுக்குள் சாவகம் திரும்பிவிட்டனர். ஆகவே, மன்னர் வந்தார் என்பது உண்மையாயினும், இன்னார் அவர் வழியினர் என்பது தனியே நிறுவப்பட வேண்டிய செய்தியாகும்.

இத்தகைய ஆசை மலாயருக்கு மட்டும் உரியதன்று. ஸ்கொத்லாந்து மலைநாட்டுக் குலங்களின் பெயரைத் தாங்கியவர் அனைவரும் குலத்தலைவரின் இரத்த உறவினர் அல்லர். அவர் நிலத்தில் வாழ்ந்த குடியானவர்களும் அப்பெயரையே சூடிக்கொண்டனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், தாங்கள் சார்ள்ஸ் எட்வேட் இளவரசரின் பேரர்கள் என்று கூறிக்கொண்ட உடன்பிறந்தார் இருவர், குலந்தோறும் வழங்கிய கட்ட ஆடைகளைப் பற்றிய பழஞ்சுவடி எனச் சொல்லி 1842-இல் ஒரு நூலை வெளியிட்டனர். சுவடியும் போலி, பேரர் உரிமையும் போலி என்பது பின்னர் தெளிவாயிற்று. அங்கு ஆராய்வோர் இன்று 1855-இல் தொடங்கிய அரசாங்கப் பதிவேடுகளையும், அதற்கு முந்திய கோவிற்பற்றுப் பதிவேடுகளையும் கொண்டே குலக்கதைகளைச் சோதிக்கின்றனர்.

கொம்பனித்தெருக் குடும்பத்துக்கும் வழி அதுவே. இளவரசரிடமிருந்து கீழே இறங்குதல் பிழை. இன்றிருப்பவரிடமிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறுதல் வேண்டும். முதலில் சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். 1940-இல் பிறந்த முதியவர் ஒருவர், தம் பாட்டனாரின் பாட்டனாரே நாடு கடத்தப்பட்டவர் என்கிறார் எனக் கொள்வோம். தலைமுறைக்கு முப்பது ஆண்டு வைத்தால், அம்மூதாதை பிறந்த காலம் 1820-ஐ ஒட்டியதாகும். அது ஒல்லாந்தர் ஆட்சி முடிந்து கால் நூற்றாண்டு கழிந்த காலம். அன்னவர் இளவரசராக அன்றி, 1873-இல் கலைக்கப்பட்ட இலங்கை றைபிள் படையின் போர்வீரராக இருந்திருக்கவே இடமுண்டு.

அடுத்து, ஏடுகளைப் பார்க்க வேண்டும். 1867 முதல் பிறப்பு இறப்புகள் அரசாங்கத்தால் பதியப்பட்டு வந்தன. காணி உறுதிகள், பள்ளிவாசல் ஏடுகள், மீசான் கற்கள் ஆகியனவும் சான்று தரும். படைவீரரின் சம்பளப் பட்டியல்கள் இலண்டனை அடுத்த கியூவிலுள்ள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களும் தோம்புகளும் கொழும்புச் சுவடிக்கூடத்தில் உள்ளன. பறங்கியருக்குத் தேவாலயப் பதிவேடுகள் பெருந்துணை புரிந்தன. முஸ்லிம்களாகிய மலாயருக்கு அத்துணை வாய்க்கவில்லை. அதனாலேயே வீட்டுப் பெட்டியில் கிடக்கும் தாள்கள் அவர்களுக்கு இன்றியமையாதனவாகின்றன.

பெயரைக் கண்டு மயங்குதலும் ஆகாது. 'துவான்' என்பது 'ஐயா' போன்ற மரியாதைச் சொல். அது மலாய் ஆண்களிடையே பரவலாக வழங்குவது. அதைக் கொண்டு அரச மரபை நிறுவுதல் இயலாது. மேலும், தீவுக்கூட்டங்களிலிருந்து வந்தோருள் போர்வீரரும் கைதிகளும் அடிமைகளும் இருந்தனர். அவர்களில் பலர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். தந்தைவழியை மட்டும் எண்ணும் கதைகளில் அப்பெண்களின் பெயர்கள் மறைந்துபோயின.

இளவரசர் இல்லையென்றால் பெருமை குன்றிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 1869-இல் கொழும்பிலே 'அலாமத் லங்காபுரி' என்னும் மலாய்ப் பத்திரிகையை நடத்திய பாபா யூனுஸ் சல்தீன் போர்வீரர் வழிவந்தவர். அரபெழுத்தில் அச்சான அவ்விதழ் மலாய்ப் பத்திரிகை வரலாற்றில் முன்னோடியாக வைத்து எண்ணப்படுகிறது. மலாய்க் குடும்பங்களின் கையெழுத்துச் சுவடிகளைத் தேடித் திரட்டிய வரலாற்றாசிரியர் ஹுசைன்மியா, 1990-இல் வெளியிட்ட தம் நூலுக்குப் 'படையினர்' எனப் பொருள்படும் மலாய்த் தொடரையே தலைப்பாக வைத்தார்.

இப்பணி காலத்தாழ்வைப் பொறுக்காது. அண்மை ஆண்டுகளில் கொம்பனித்தெருவின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவும் கட்டடங்கள் எழுந்துள்ளன. வீடு மாறும் அவசரத்தில் முதலில் எறியப்படுவது படிக்கத் தெரியாத எழுத்திலுள்ள பழந்தாளே. முதியோர் சொல்வதைச் சொன்னவாறே எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறித்து, ஏட்டில் உறுதியானதை வேறாகவும் உறுதியாகாததை வேறாகவும் வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யும் குடும்பம், தன் பேரப்பிள்ளைகளுக்கு நம்பத்தகுந்த வரலாறொன்றை விட்டுச்செல்லும்.