மிஷின் பழசானா மாத்துங்க, மடைத் தண்ணியை மறிக்காதீங்க!

(கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லோயர்கேம்ப் மின்நிலையத்தைப் பத்திப் பேச விவசாயிகளுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கிறார்கள். நமக்குத்தான் வேலை இருக்கு. தேக்கடியில் திறக்கிற தண்ணீர் சுரங்கம் வழியா போர்பே அணைக்கு வருது. அங்கிருந்து ராட்சதக் குழாயில் மலையிறங்கி, மிஷினைச் சுத்திவிட்டு, அப்புறம்தான் முல்லையாத்தில் சேர்ந்து நம்ம மடைக்கு வருது. மின்நிலையம் நம்ம வாய்க்காலின் தொண்டையில் உட்கார்ந்திருக்கு. தொண்டைக்கு வைத்தியம் பார்க்கும்போது சோறு எப்படி இறங்கும் என்று கேட்க வேண்டாமா?

அணை 1895இல் கட்டி முடித்தது. மின்நிலையம் 1958இல் ஓட ஆரம்பித்து, 1965க்குள் தலா 35 மெகாவாட்டில் நாலு மிஷின் வந்தது. இந்த மாதிரி மிஷினுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் 35 வருஷம். அதைத் தாண்டிய பிறகு புதுப்பித்து, 42 மெகாவாட் என்று திறனைக் கூட்டினார்கள். மிஷினைப் புதுப்பிப்பது ஒரு தடவையோடு முடிகிற வேலை இல்லை. குழாய், ஷட்டர், வால்வு எல்லாத்துக்கும் வயசாகும். அடுத்த வேலை வரும். வருவதற்கு முன்னாலேயே நம்ம கேள்வியைக் கேட்டு வைக்கணும்.

நாம் எதிர்க்கவில்லை

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நீர்மின் நிலையத்தைப் புதுப்பிப்பது நல்ல காரியம். அணை இருக்கு, சுரங்கம் இருக்கு, குழாய்ப்பாதை இருக்கு. புதுசா காடு அழிக்க வேண்டாம், ஊரைக் கிளப்ப வேண்டாம். நிலக்கரி செலவும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். லோயர்கேம்ப்பில் 100 கனஅடி தண்ணீருக்கு ஏறக்குறைய 9 மெகாவாட் கரண்ட் கிடைக்குது. முதல் போகத்துக்குத் திறக்கும்போது பாசனத்துக்கு 200, குடிநீருக்கு 100, ஆக 300 கனஅடி. அதில் 27 மெகாவாட். தேய்ந்துபோன மிஷின் நூத்துக்கு அஞ்சு பங்கை வீணாக்குது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 32,400 யூனிட் போச்சு! அதே தண்ணீரில் அந்தக் கரண்டை மீட்டால் நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் யாருடைய கணக்கு?

புதுப்பிக்க முடியுமா, கட்டுபடியாகுமா என்று ஆராய்கிறபோது இன்ஜினியர்கள் என்ன பார்ப்பார்கள்? ஜெனரேட்டர் கம்பிச்சுருளின் காப்பு கெட்டிருக்கா, சுழலி அரிச்சிருக்கா, தண்டில் விரிசல் இருக்கா, குழாயின் தகடு எவ்வளவு மெலிஞ்சிருக்கு என்று பார்ப்பார்கள். அதுக்கு அப்புறம் செலவு எவ்வளவு, எத்தனை யூனிட் கூடும், எத்தனை வருஷத்தில் போட்ட காசு திரும்பும் என்று கணக்குப் போடுவார்கள். எல்லாம் சரிதான். அந்தக் கணக்கில் கருகிப்போகிற நாத்துக்கு ஒரு வரி உண்டா?

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம். அதுக்குக் கீழே வைகை அணையை நம்பி மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை ஜனங்கள் இருக்காங்க. நாத்துப் பாவின பிறகு பத்து நாள் தண்ணி நின்னா அந்த நஷ்டம் எந்த ஆபீஸ் நோட்டிலும் ஏறாது. நம்ம வீட்டு அடகுச் சீட்டில்தான் ஏறும்.

இதுக்கு வழி இல்லாமல் இல்லை. 300 கனஅடிக்கு ஒரு மிஷின் ஓடினாலே போதும். நாலும் முழுசா ஓட 1,600 கனஅடிக்குக் குறையாம வேணும். அதனால் ஒண்ணு ஓடும்போது இன்னொன்றைப் பிரித்து வேலை பார்க்கலாம். சிக்கல் எங்கே வரும்? எல்லா மிஷினுக்கும் பொதுவான போர்பே, ஷட்டர், குழாய்ப்பாதையில் கை வைக்கும்போதுதான். அப்போது நமக்கு இருக்கிற ஒரே வழி இரைச்சல் பாலம். மின்நிலையத்தைத் தொடாமல் தண்ணீர் இறங்குகிற பாதை அது. அதைச் செம்மையாக வைத்திருந்தால் மிஷின் நின்னாலும் மடை நிக்காது.

இன்னொரு விஷயம். 35ஐ 42 ஆக்கினால் மிஷினின் வாய்தான் பெருசாகும், அணையில் தண்ணீர் பெருசாகாது. 142 அடி வரை தேக்கலாம் என்பது 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இருக்கிற தண்ணீர் அவ்வளவுதான். பெரிய மிஷின் போட்ட காசை எடுக்க, தேவையில்லாத நேரத்தில் தண்ணியை இறக்கிவிட்டு, கதிர் பிடிக்கிற நேரத்தில் கையை விரிக்கக் கூடாது. 1886 குத்தகை ஒப்பந்தம் பாசனத்துக்குப் போட்டது. மின்சாரம் எடுக்கிறதுக்கு 1970இல்தான் தனி ஒப்பந்தம் வந்தது. முதலில் பயிர், பிறகுதான் கரண்ட். இந்த வரிசை மாறக் கூடாது.

குடிநீருக்கு மட்டும் 100 கனஅடி விடுகிற மாதங்களில் மின் உற்பத்தியை நிறுத்திவிட்டு, தண்ணியை இரைச்சல் பாலம் வழியா விடுகிறார்கள். அந்தக் குறைந்த நீருக்கு ஏற்ற சின்ன மிஷின் ஒன்று வைக்க முடியுமா என்று ஆராயுங்கள். விவசாயியிடம் ஒரு சொட்டுகூட எடுக்காமல் கிடைக்கிற கரண்ட் அது!

நமது கோரிக்கைகள்

1. பெரிய பராமரிப்பு வேலை எதுவானாலும் அறுவடை முடிந்து பாசனம் நிற்கும் காலத்திலேயே செய்ய வேண்டும்.

2. வேலை தொடங்கும் முன் இரைச்சல் பாலம் பாதையைச் சீர்செய்து, தண்ணீர் விட்டுக் காட்ட வேண்டும்.

3. குழாய்த் தகடு, ஷட்டர் பரிசோதனை அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும்.

4. புதுப்பிக்கும் திட்டத்தின் செலவுக் கணக்கில் பயிர் இழப்பீட்டுக்குத் தனித் தொகை ஒதுக்க வேண்டும்.

5. தண்ணீர் திறப்பதை நீர்வளத்துறை பாசனத் தேவைப்படி முடிவு செய்ய வேண்டும். ஆய்வுக் குழுவில் பாசன விவசாயிகளுக்கும் இடம் வேண்டும்.

அஞ்சும் நியாயமான கோரிக்கை. அஞ்சுக்கும் பெருஞ்செலவு இல்லை. கேட்கிற குரல் பலமா இருந்தால்தான் காதில் விழும். ஊருக்குப் போய் மடைக்கு மடை இதைப் பேசுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் வாங்க. வரும்போது பக்கத்து வயல்காரரையும் கூட்டிட்டு வாங்க!

மிஷினும் ஓடட்டும்! மடையும் பாயட்டும்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!