தோண்டியவர்கள் விட்டுச் செல்வது என்ன?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)



சுரங்கம் என்றதும் எங்கோ காட்டில் நடக்கும் தொழில் என்று நினைக்கிறோம். ஆனால், கோலாலம்பூரே 1857இல் அம்பாங்கில் ஈயம் தோண்ட வந்தவர்களால் உருவான ஊர்தான். 1881இல் தீயும் வெள்ளமும் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்டினார்கள். களிமண் தோண்டிச் செங்கல் சுட்ட இடமே நம் பிரிக்பீல்ட்ஸ்.

எனவே, தோண்டலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. தோண்டி முடித்த பிறகு அங்குள்ள மக்களுக்கு என்ன மிஞ்சுகிறது?

இரண்டு ஊர்களைப் பாருங்கள். சிலாங்கூர், பத்து ஆராங்கில் 1915 முதல் மலாயன் கோலியரிஸ் நிறுவனம் நிலக்கரி எடுத்தது. சீனரும் நம்மவரும் அங்கே உழைத்தார்கள். 1937இல் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிறகு எண்ணெய் வந்தது, நிலக்கரிக்குக் கிராக்கி குறைந்தது. 1960இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனதும் ஆட்களும் போனார்கள். ஒரே கம்பெனியை நம்பியிருந்த ஊரின் கதி அது.

அடுத்தது சன்வே. 1974இல் ஈய லம்பத்தில் தொடங்கிய நிறுவனம், சுமார் 800 ஏக்கர் லம்ப நிலத்தை நகரமாக்கியது. 1987இல் கல்லூரி, 1993இல் சன்வே லகூன். பாராட்டுவோம். ஆனால், பக்கத்தில் பெட்டாலிங் ஜெயா இருந்ததால் அந்த நிலத்துக்கு மதிப்பு இருந்தது. பத்து ஆராங்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, அதிர்ஷ்டத்தை நம்பக்கூடாது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, லாபம் வரும்போதே நிலத்தைச் சீரமைக்கப் பணம் ஒதுக்க வேண்டும். 1985இல் ஈய விலை விழுந்ததுபோல் விழுந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இரண்டாவது, தொழிலாளர் பிள்ளைகளுக்கு வேறு கைத்தொழில் பயிற்சி. தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது உதவிதான்; மேம்பாடு ஆகாது.

மூன்றாவது, குட்டைகளுக்கு வேலியும் நீர்ப் பரிசோதனையும். 2014இல் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தபோது, பழைய லம்பக் குட்டை நீரை ஆற்றில் சேர்க்க நேர்ந்தது. கவனிக்காவிட்டால் பிள்ளைகளை விழுங்கும் குட்டை, கவனித்தால் ஊருக்கே உதவும்.

இன்றும் சிலாங்கூரில் கல் குவாரிகளும் மணல் எடுப்பும் உண்டு. உங்கள் குடியிருப்புக்கு அருகே ஒன்று வந்தால், “எத்தனை பேருக்கு வேலை?” என்று மட்டும் கேட்காதீர்கள். “மூடும்போது என்ன செய்வீர்கள்? அதற்குப் பணம் எங்கே?” என்றும் கேளுங்கள். பதிலைக் குடியிருப்பாளர் சங்கத்தின் வழி எழுத்தில் வாங்குங்கள்.