கண்ணிமைப் பொழுதின் கலை: படத்தொகுப்பாளர் பி. லெனின்



அகநானூற்றுப் பாடல்களின் வரிசையமைப்பை இவ்வவையில் அறியாதார் இலர். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். 400 பாடல்களிலும் இம்முறையே தொடர்கிறது. ஒரு பாட்டில் தலைவன் சுரம் கடந்து போகிறான். அடுத்த பாட்டில் மலைச்சாரலில் கூடல். அதற்கடுத்த பாட்டில் மீண்டும் சுரம். நூல் முழுவதும் பிரிவு ஒன்றுவிட்டு ஒன்றாக வந்து நெஞ்சைத் தட்டுகிறது. பாடிய புலவருள் ஒருவரேனும் இதனை எண்ணிப் பாடியிருக்க இயலாது. இது மதுரை உப்பூரிகுடிகிழார் மகனார் உருத்திரசன்மர் செய்த வேலை. அவர் தொகுத்தவர். அந்நூலில் அவர் சேர்த்தது ஒரு முறைவைப்பு. ஆனால் அம்முறைவைப்பின்றி அகநானூறு இன்றுள்ள அகநானூறாக இராது.

திரைப்படத் துறையில் 'எடிட்டிங்' எனப்படும் தொழிலுக்குத் தமிழில் 'படத்தொகுப்பு' என்னும் பெயர் நிலைத்திருப்பது மிகப் பொருத்தமானது. 'வெட்டுதல்' என்றோ 'திருத்துதல்' என்றோ பெயர் வைத்திருந்தால் தொழிலின் பாதி மட்டுமே விளங்கியிருக்கும். தொகை என்னும் சொல் சங்கப் புலவர் காலத்தையும் வடபழனி ஸ்டுடியோக்களின் இருட்டறையையும் ஒரே நூலில் கோக்கிறது. அவ்விருட்டறையில் வளர்ந்து, தாமே படைப்பாளராகவும் வெளிவந்தவர் பி. லெனின். திரைப்படத்தை இலக்கியத்துக்குப் பகை என்று கருதும் வழக்கம் இலக்கிய மன்றங்களில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அவ்வழக்கத்துக்கு லெனினின் தொழில்வாழ்வு நல்ல மறுமொழி.

அவருடைய தொழில் வழி மூன்று தலைமுறையாக வந்தது. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யை இயக்கிய கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையருள் பஞ்சு படத்தொகுப்பாளர். 'பஞ்சாபி' என்னும் பெயரில் தம் படங்களைத் தாமே தொகுத்தவர். அவ்விரட்டையரிடம் படத்தொகுப்பு உதவியாளராகத் தொழில் தொடங்கியவர் ஏ. பீம்சிங். 'பதிபக்தி', 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பாசமலர்' எனப் பகர வரிசையில் குடும்பக் கதைகளை இயக்கிப் பெரும்புகழ் பெற்றபின்னும், தொகுப்பு மேசையை விட்டு அவர் விலகியதில்லை. 'பாசமலர்' படத்தின் தொகுப்பாளர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. பீம்சிங்கின் மகன் லெனின். மற்றொரு மகன் பி. கண்ணன், பாரதிராஜாவின் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து பெயர் பெற்று 2020இல் மறைந்தவர். ஒரு வீட்டில் ஒருவர் ஒளியைப் பிடிக்க, ஒருவர் அதை நறுக்கினார்.

தந்தையின் காலத்துத் தொகுப்புக்கும் மகனின் காலத்துத் தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னால் தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றில் ஒரு பகுதியைச் சொன்னதாகும். 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியில் கத்தரி வசனத்துக்குக் கைகட்டி நிற்கிறது. பேசுபவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, கேட்பவர் முகத்துக்குப் போய், உடனே திரும்பி வருகிறது. அன்றைய தமிழ்த் திரை மேடைக்கும் மொழிக்கும் பட்ட கடன் அது. அதனைக் குறையென்று கூறுதல் முறையன்று. அக்காலத்துச் சுவை அது. ஆனால் சொல் ஆண்ட இடத்தில் மௌனத்துக்கு இடம் கிடையாது. அவ்விடத்தைப் பிற்காலத்தில் பெற்றுத் தந்தவர்களுள் லெனின் ஒருவர்.

இத்தொழில் நடந்த முறையை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள். ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஆக, ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் ஏறக்குறைய 13,500 அடி நீளமுள்ளது. படம்பிடித்தது இதைப்போல் பல மடங்கு இருக்கும். 'ரஷ்' எனப்படும் அச்சினை மூவியோலா இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, வெட்டி, ஒட்டி, ஒட்டியதைப் பிரித்து, மீண்டும் ஒட்டுவார்கள். வெட்டிய துண்டுகள் மேசையருகே கொடியில் துணி காய்வதுபோல் தொங்கும். ஒரு துண்டு தொலைந்தால் தரையில் மண்டியிட்டுத் தேட வேண்டும். முடிவு உறுதியானபின்தான் மூலமான நெகடிவில் கத்தரி படும். அங்கே பிழைத்தால் மீட்பில்லை. 1990களின் நடுப்பகுதியில் கணினி வந்து இவ்வேலையை எளிதாக்கிற்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியவனுக்கும் தாளில் எழுதுபவனுக்கும் உள்ள வேறுபாடுதான் இரு காலத்துத் தொகுப்பாளர்க்கும் உள்ளது: அழிக்க முடியாதவன் எழுதுமுன் நெடுநேரம் எண்ணுகிறான்.

எண்ணியது எதனை? ஒரு துண்டு எத்தனை சட்டகம் நிற்க வேண்டும் என்பதனை. செய்யுளின் உறுப்புகள் 34 என எண்ணிய தொல்காப்பியர் முதலில் வைத்தது மாத்திரை. அம்மாத்திரைக்கு அவர் தந்த அளவு கண்ணிமையும் கைந்நொடியும். அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1990களில் வெளியிட்ட தம் நூலில், ஒரு காட்சித்துண்டு முடிய வேண்டிய இடம் மனிதன் கண் இமைக்கும் இடத்தோடு தொடர்புடையது என்று வாதிட்டார். நூலின் பெயரையும் கண்ணிமைப்பின் மேலேயே வைத்தார். அவர் தொல்காப்பியம் அறிந்தவரல்லர். காலத்தை அளக்க மனிதனிடம் உள்ள முதற்கருவி இமை என்பது இருவர்க்கும் தெரிந்திருந்தது, அவ்வளவே. அதே 34 உறுப்புகளில் மாட்டும் எச்சமும் உண்டு. விலகிக் கிடப்பவற்றைக் கொண்டுவந்து கூட்டிப் பொருள் முடிப்பது மாட்டு. சொல்லாமல் விட்டுக் கேட்பவனை நிரப்பச் செய்வது எச்சம். படத்தொகுப்பின் இலக்கணம் முழுவதும் இவ்விரண்டில் அடங்கும் என்றால் மிகையாகாது. ருசிய நாட்டுக் குலஷோவும் ஐசன்ஸ்டைனும் 1920களில் கண்டு உலகுக்கு அறிவித்ததும் மாட்டின் ஆற்றலைத்தான். லெனின் என்னும் பெயருடைய ஒருவர் சென்னையில் அத்தொழிலுக்கு வந்து சேர்ந்தது இனிய பெயர்ப் பொருத்தம்.

1979இல் மகேந்திரன் இயக்கிய 'உதிரிப்பூக்க'ளைத் தொகுத்தவர் லெனின். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பிறந்த படம் அது; கதையோடு அதற்கு உள்ள ஒற்றுமை சிறிதே. அதன் இறுதிக் காட்சியைக் கவிஞர்கள் மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். கொடுமைகள் பல இழைத்த ஒருவனை ஊரே ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அவன் நீரில் இறங்கப் போகிறான். ஒரு பக்கம் அவன். ஒரு பக்கம் ஊர். இரண்டுக்கும் நடுவே ஒன்றும் அறியாத அவன் குழந்தைகள் இருவர். அங்கே யாரைக் குற்றவாளி என்று கொள்வது? வசனம் இதற்கு ஒரு விடை கூறுகிறது. ஆனால் விடையைத் தாண்டிய வினாவை எழுப்புவது முகங்களின் வரிசை. எந்த முகத்தின்மீதும் தேவைக்குமேல் நிற்காமலும், எதனையும் அஞ்சி விலகாமலும் கத்தரி செல்கிறது. இன்னும் நான்கு சட்டகம் கூடியிருந்தால் அழுகைக் காட்சியாகியிருக்கும். நான்கு குறைந்திருந்தால் தண்டனைக் காட்சியாகியிருக்கும். நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய வழியில்தான் அக்காட்சி நடந்து போயிருக்கிறது.

இதன்பின் வந்த ஆண்டுகளில் வி. டி. விஜயனுடன் இணைந்து 'லெனின்–விஜயன்' என்னும் பெயரில் லெனின் தொகுத்த படங்களின் பட்டியல் நீளமானது. 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987), 'அக்னி நட்சத்திரம்' (1988), 'அஞ்சலி' (1990), 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994), 'இந்தியன்' (1996) என அது தொடர்கிறது. மயிலாப்பூர்க் காமதேனுவிலும் கபாலியிலும், தியாகராய நகர் ராஜகுமாரியிலும் நாகேஷிலும் ஒரு தலைமுறை படம் பார்த்தது. இன்று அந்நான்கு கொட்டகைகளும் இல்லை. கொட்டகை ஆபரேட்டர்கள் கடைசிக் காட்சியைச் சீக்கிரம் முடிக்கத் தாமே ஒரு பாட்டை எடுத்துவிடுவதுண்டு. விருது பெறாத தொகுப்பாளர்கள் அவர்கள்!

'நாயக'னில் தூத்துக்குடிச் சிறுவன் ஒருவன் பம்பாயில் முதுமை எய்தும்வரை ஒரு முழு வாழ்வு சொல்லப்படுகிறது. ஆண்டுகளை எண்ணிக் காட்டாமல், எச்சமாக விட்டுவிட்டுத் தாவும் துணிவு அத்தொகுப்பில் இருக்கிறது. அப்படம் நடிப்பு, ஒளிப்பதிவு, கலை இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தேசிய விருது பெற்றது. தொகுப்புக்கு இல்லை. நல்ல தொகுப்பின் இயல்பு தன்னை மறைத்துக்கொள்வது. மறைந்தவனைத் தேடி விருது தருவது எளிதன்று. ஏழாண்டு கழித்து லெனினுக்கும் விஜயனுக்கும் அவ்விருது 'காதல'னுக்காகக் கிடைத்தது. தாளத்தோடு தாளமாகத் துண்டுகள் தெறிக்கும் அப்படத்தின் பாடற்காட்சிகளில் தொகுப்பு கண்ணுக்குத் தெரிகிறது, கண்ணைப் பறிக்கிறது. கைத்திறனில் ஐயமில்லை. ஆயினும் லெனினின் பெயரை நிலைநிறுத்தத் தக்கது எது என்று கேட்டால், 'காதல'னைவிட 'உதிரிப்பூக்க'ளையே சுட்ட வேண்டும்.

இவ்வளவு பெரிய வணிகப் படங்களைத் தொகுத்த கை, தனக்கென ஒன்றை எடுத்தபோது எதை எடுத்தது என்பதே இவ்வுரையின் மையம். 1983இல் 'எத்தனை கோணம் எத்தனை பார்வை', 1988இல் 'சொல்லத் துடிக்குது மனசு' என இரு படங்களை அவர் இயக்கினார். இரண்டாவதன் பாடலொன்றை இன்றும் விரும்பிக் கேட்பவர் பலர். இயக்கியவர் யார் என்று அறிந்தவர் சிலர். 1992இல் 'நாக் அவுட்' என்னும் குறும்படம். உலகம் மறந்துபோன ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றியது. தேசிய விருது பெற்றது. குறும்படம் என்றால் மாணவர் பயிற்சி என்றே தமிழகம் எண்ணியிருந்த காலம். வணிகப் படவுலகின் உச்சியில் நின்ற ஒருவர், ஆதாயம் ஏதுமில்லாத அவ்வடிவத்துக்கு வந்தார்.

ஜப்பானில் அகிரா குரோசாவா தம் படங்கள் பலவற்றைத் தாமே தொகுத்தார். பகலில் படம்பிடித்ததை இரவில் அமர்ந்து கோத்துவிடும் வழக்கம் அவருக்கு உண்டு. அவருடைய 'ராஷோமோன்' (1950) தந்த தூண்டுதலில்தான் மயிலாப்பூர் அறிந்த வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் 1954இல், பாடலே இல்லாத 'அந்த நாள்' படத்தை இயக்கினார். குரோசாவாவுக்கு இயக்கமும் தொகுப்பும் ஒரே வேலையின் இரு பாதிகள். தமிழில் அவ்விரண்டையும் ஒருவரே செய்த மரபு பஞ்சு, பீம்சிங் என வந்து லெனினிடம் வேறு திசையில் திரும்பிற்று. முன்னவர் இருவரும் தொகுப்பிலிருந்து வணிகப் பட இயக்கத்துக்குப் போனார்கள். லெனின் வணிகத்தைத் தொகுப்போடு நிறுத்திக்கொண்டு, இயக்கத்தைப் பெரும்பாலும் தம் மனச்சான்றுக்கு வைத்துக்கொண்டார்.

பீம்சிங்கும் இறுதிக் காலத்தில் திசை மாறியவரே. 1977இல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்க'ளைப் படமாக்கினார். அதில் நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அடுத்து ஜெயகாந்தனின் 'ஒரு நடிகை நாடகம் பார்க்கிறாள்'. 1978 ஜனவரியில் பீம்சிங் மறைந்தார். கண்ணீரும் கதறலும் நிறைந்த குடும்பக் கதைகளால் கொட்டகைகளை நிரப்பியவர், கடைசியில் பேசாத பெண்களின் உள்ளத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் மகன் அதே எழுத்தாளரிடம் சென்றார். ஜெயகாந்தனின் 'ஊருக்கு நூறு பேர்' குறுநாவல், புரட்சி இயக்கத்தில் சேர்ந்து மரண தண்டனைக்கு உள்ளான ஓர் இளைஞனைப் பற்றியது. பாட்டுக்கும் சண்டைக்கும் இடமில்லாத கதை. கருத்தும் கருத்தும் மோதும் கதை. இத்தகைய கதையைப் படமாக்குவதில் ஓர் இடர் உண்டு: எழுத்தில் வாதம் ஓடும், திரையில் வாதம் நின்றுவிடும். அவ்விடரை லெனின் முற்றிலும் வென்றார் என்று சொல்வது புகழ்ச்சி. பிறர் படத்தில் தயங்காத கத்தரி, ஜெயகாந்தன் சொல்லுக்கு முன் சில இடங்களில் மரியாதையோடு தயங்குகிறது. ஆயினும் ஒரு கொலைத் தண்டனையைக் கண்ணீராக்காமல் கேள்வியாக்கிய படம் அது. 2001ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது அப்படத்துக்காக லெனினுக்கு வழங்கப்பட்டது.

இந்திய நாட்டின் சிறந்த இயக்குநர் என்று ஒரு தமிழர் அறிவிக்கப்பட்ட அவ்வாண்டில், அவர் இயக்கிய படத்தைத் தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ சீட்டு வாங்கிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று இவ்வவையினர் தமக்குள் கேட்டுப் பார்க்கலாம். ஜெயகாந்தன் நூலை வாங்கத் தியாகராய நகர்ப் புத்தகக் கடைகளுக்குப் போனால் போதும். படத்தைப் பார்ப்பதற்கோ விழாக்களையும் திரைப்படச் சங்கங்களையும் எதிர்நோக்க வேண்டியிருந்தது. முந்நூறு படி அச்சிட்டு, அவற்றிலும் பாதியை நண்பர்க்கு இலவசமாக வழங்கும் கவிஞர்களுக்கு இந்நிலை புதிதன்று.