தெருவிளக்கும் சபையும்

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றுகலந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உதயமானபோது, 'இத்தனை பெரிய ஸ்தாபனத்தில் எங்கள் தெருவின் குரல் யார் செவியில் விழும்?' என்ற ஐயம் அதனுள் இணைந்த மாடம்பாக்கத்தாருக்கும் சிட்லபாக்கத்தாருக்கும் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

அதற்கு விடைபோல, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, அதே மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் முதலமைச்சர் கலந்துகொள்ள, பகுதி சபைக் கூட்டம் நடைபெற்றது. கிராமத்துக்குக் கிராம சபை எப்படியோ, நகரத்து வார்டின் ஒவ்வொரு பகுதிக்கும் இச்சபை அப்படி. தேங்கிய மழைநீரையும் எரியாத தெருவிளக்கையும் பற்றித் திண்ணையில் பேசிப் பெருமூச்செறிவதினும், சபையில் எழுந்து நின்று சொல்லி, அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்வதே பிரஜையின் தர்மம்.

பராந்தக சோழன் காலத்திலேயே, அருகிலுள்ள உத்திரமேரூரில் குடவோலையிட்டுச் சபை கண்ட மரபு நம்முடையது. நம் நாற்காலி காலியாக இருந்தால், நம் அபிப்பிராயமும் காலியாகவே பதிவாகும்.