யார் செய்தார் என்று எழுதப் பழகுவோம்



இரட்டைமலை சீனிவாசன் நம் மக்களிடம் பேச 1893இல் தமிழில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஆட்சியாளர்களிடம் பேச ஆங்கிலத்தில் மனு எழுதினார். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். 1936இல் அம்பேத்கரின் தலைமையுரைக்கு அஞ்சி லாகூர் மாநாட்டை ரத்து செய்தார்கள்; அவர் அந்த உரையைத் தன் செலவில் அச்சிட்டார். மேடை போனது, எழுத்து நின்றது. அந்த மரபின் பெயரால் கூடியிருக்கும் நாம், ஒன்பதாம் பத்தாம் வகுப்பில் படிக்கும் நம் பிள்ளைகளால் ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு பத்தி எழுத முடிகிறதா என்று கேட்டாக வேண்டும்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் கைடுக் கட்டுரையை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். ஒரு வரி மறந்தால் முழுப் பத்தியும் நின்றுவிடும். அதைக் கொண்டு தேர்ச்சி பெறலாம். கல்லூரிக்குப் போனதும் கேள்வி மாறும், கை ஓடாது. அப்போது 'தகுதி' என்ற சொல்லுக்குப் பின்னால் சாதி வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். 'வந்தார்கள், அடித்தார்கள்' என்றால் போதும். ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. எழுவாயை முன்னால் நிறுத்தி, வினையை அதற்கடுத்து வைக்க வேண்டும். பிள்ளை இங்கே தடுமாறுவது மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால்தான் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். அடுத்தது செயப்பாட்டுவினை. 'தண்ணீர் நிறுத்தப்பட்டது' என்று எழுதினால் நிறுத்தியவர் தப்பித்துவிடுகிறார். ஓரத்தில் 'ஹூ?' என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். விடையை எழுவாயாக வைத்துப் பிள்ளை திருப்பி எழுதும்போது இலக்கணமும் வருகிறது, துணிவும் வருகிறது.

முறை எளியது. தலைப்பு பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும்: விடுதிச் சாப்பாடு, பேருந்து நிற்காத நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை. முதலில் தோழியிடம் தமிழில் சொல்லட்டும். பிறகு ஐந்து சிறு வாக்கியங்கள் ஆங்கிலத்தில் எழுதட்டும். வாரத்துக்கு ஒரே வகைப் பிழையைத் திருத்துவோம். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் மற்றவை காத்திருக்கட்டும். பக்கமெல்லாம் சிவப்பு மையைக் கண்ட பிள்ளை எழுதுவதையே நிறுத்திவிடும். திருத்திய பக்கத்தை அந்தப் பிள்ளையே மீண்டும் எழுதி, உரக்கப் படிக்க வேண்டும். இரண்டாம் படி எழுதாவிட்டால் திருத்தியது வீண்.

இது தமிழை விட்டுக்கொடுப்பதா என்று தோழர்கள் கேட்கிறார்கள். உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நாமும் அதற்காகப் போராடுவோம். ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி இன்றும் அங்கே ஆங்கிலம்தான். வன்கொடுமை வழக்கு மேல்முறையீட்டுக்குப் போகும்போது, சேரியில் ஒரு தாய் தமிழில் சொன்ன வாக்குமூலம் ஆங்கிலமாகிறது. அவள் சொன்னதில் எந்தச் சொல் வழியில் விழுந்தது என்று படித்துப் பார்க்க அவள் வீட்டிலேயே ஒருவர் வேண்டாமா?

இந்த அரங்கில் உள்ள கல்லூரி மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள், வாரம் ஒரு மாலை, ஒரு பக்கம். ஓராண்டு விடாமல் செய்வோம். அந்தப் பிள்ளைகள் எழுதியதை அடுத்த ஆண்டு இதே மேடையில் அவர்களே படிக்கட்டும்.

ஜெய் பீம்.