மாத்திரை நின்னுடுமா?

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மேடையில் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

2025 ஜனவரி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். யார், எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது. அவருக்கு எச்.ஐ.வி. இருக்கு. பல வருஷமா மாத்திரை சாப்பிட்டு, களை எடுக்கப் போய், பிள்ளையைப் படிக்க வைக்கிறார். "எய்ட்ஸுக்குக் குடுக்கிற பணத்தை அமெரிக்காவுல நிறுத்திட்டாங்களாம், டிவியில சொன்னாங்க. எம் மாத்திரை நின்னுடுமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. மறுநாள் அவரோடு ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனேன். அங்கே ஆலோசகர் சொன்னதையும், பிறகு நான் பேப்பரில் படித்ததையும் சொல்கிறேன்.

2003-ல் புஷ் அதிபராக இருந்தபோது அமெரிக்கா 'பெப்ஃபார்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதனால் ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அதை மறக்கக் கூடாது. 2025 ஜனவரி 20-ல் டிரம்ப் பதவி ஏற்ற அன்றைக்கே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவு போட்டார். உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று சில நாளில் சொன்னார்கள். ஆனால் சம்பளம் இல்லாமல் ஆட்கள் வீட்டுக்குப் போன பிறகு மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவில் சுமார் 80 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அங்கே மாத்திரையைப் பெரும்பாலும் அந்த அரசே வாங்குகிறது. எச்.ஐ.வி. செலவில் அமெரிக்கப் பணம் அப்போது 17 சதவீதம் அளவுதான் இருந்தது. ஆனால் பரிசோதனை செய்கிறவர்கள், மாத்திரையை விட்டவர்களைத் தேடிப் போகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் அதில்தான் இருந்தது. அவர்கள் வேலை போய்விட்டது. மொசாம்பிக், மலாவி போன்ற நாடுகளில் மாத்திரை வாங்குவதே பெரும்பாலும் வெளிப் பணத்தில்தான். மாத்திரையை விட்டால் அடங்கியிருந்த கிருமி மறுபடி பெருகும். கர்ப்பிணியாக இருந்தால் குழந்தைக்கும் ஆபத்து.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1986-ல் சென்னையில்தான் இந்தியாவிலேயே முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடித்தார்கள். 1992-ல் தேசியத் திட்டம் தொடங்கியதே உலக வங்கிக் கடனில்தான். 1995-ல் தமிழ்நாட்டில் தடுப்பு வேலைக்கு அமெரிக்கப் பணமும் வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுத்தது. தொடங்கிய இடங்களில் நம்ம தாம்பரமும் ஒன்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் செலவைச் சொந்தக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2021 முதல் 2026 வரையான ஐந்தாம் கட்டத்துக்கு 15,471 கோடி ரூபாய், முழுக்க மத்திய அரசு பணம்.

"உங்க மாத்திரை நம்ம வரிப் பணத்துல வருதும்மா, பயப்படாதீங்க" என்றார் ஆலோசகர். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டாங்க.

ஆனால் நம்ம நாட்டிலும் அடி விழாமல் இல்லை. ஹைதராபாத்தில் திருநங்கையருக்காக 2021-ல் அமெரிக்க உதவியில் திறந்த மித்ர் கிளினிக் அந்த ஜனவரியிலேயே மூடப்பட்டது.

சகோதரிகளே, நம்ம குழுக் கணக்கும் இதுதானே? சுழல் நிதி வரும், வங்கிக் கடன் வரும். வாங்கிக்கணும், நன்றியோடு வாங்கிக்கணும். ஆனால் வாராவாரம் போடுகிற சேமிப்புதான் குழுவை நிற்க வைக்குது. வெளிப் பணம் வரும்போதே, அது நின்னா என்ன செய்வோம்னு யோசிச்ச குழுதான் இன்னிக்கும் நடக்குது.

கடைசியா மூணு விஷயம் கேட்கிறேன். கர்ப்பமான பெண்ணை முதல் மாசத்திலேயே நம்பிக்கை மையத்துக்குக் கூட்டிப் போய்ப் பரிசோதனை செய்யுங்க. மாத்திரை வரத் தாமதமானா சும்மா இருக்காம எல்லாரும் சேர்ந்து கேளுங்க. மூணாவது, அந்த அக்கா மாதிரி யாராவது உங்க குழுவில் இருந்தா, அவங்க கொடுக்கிற தண்ணியைத் தயங்காம வாங்கிக் குடிங்க. அரசு மாத்திரை கொடுக்கும். மரியாதையை நாமதான் கொடுக்கணும்.