ஸ்குவாட்ரன் என்னும் சொல்



ஆகாயப் படையைப் பற்றிய செய்திகளில் ‘ஸ்குவாட்ரன்’ என்ற சொல் அடிக்கடி நம் காதில் விழுகிறது. தமிழில் சிலர் இதனை ‘விமானப் படைப்பிரிவு’ என்கிறார்கள். சிலர் ‘விமான அணி’ என்கிறார்கள். மாணவர்களிடம் பொருள் கேட்டால், ‘பன்னிரண்டு விமானங்கள் சேர்ந்தது’ என்று ஒருவர் சொல்வார். ‘ஒன்றாகப் பறக்கும் விமானக் கூட்டம்’ என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் பாதி உண்மைதான். மீதிப் பாதி எது என்பதை நமது ஜொகூர் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இத்தாலிய மொழியில் ‘ஸ்குவாத்ரா’ என்றால் சதுரம். சதுரமாக அணிவகுத்து நின்ற வீரர்களை அதிலிருந்து பிறந்த ஒரு சொல்லால் அழைத்தார்கள். பின்னர் அது குதிரைப்படையின் ஒரு பகுதிக்குப் பெயராயிற்று. போர்க்கப்பல்களின் தொகுதிக்கும் பெயராயிற்று. 1912-ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் பறக்கும் படையை அமைத்தபோது, அதன் பிரிவுகளுக்கும் இதே பெயரைச் சூட்டியது. பழைய சொல்லுக்குச் சிறகு முளைத்தது அப்போதுதான்.

ஒரு ஸ்குவாட்ரனில் எத்தனை விமானங்கள் இருக்கும்? பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு வரை எனலாம். ஆனால் இது சட்டமன்று. இந்திய ஆகாயப் படையின் முதலாவது ஸ்குவாட்ரன் 1933 ஏப்ரல் 1-ஆம் நாள் கராச்சியில் தொடங்கப்பட்டபோது அதனிடம் இருந்தவை 4 வாப்பிட்டி விமானங்களே. நான்கு இருந்தபோதும் அது ஸ்குவாட்ரன்தான்.

இங்கே நம் பாரதக் கதையில் வரும் ‘அக்குரோணி’ என்னும் சொல்லை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓர் அக்குரோணி என்றால் 21,870 தேர், 21,870 யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாட்கள். இது ஓர் அளவைப் பெயர். மரக்கால், படி என்பவற்றைப் போல, எண்ணிக்கை குறைந்தால் பெயரும் மாறிவிடும். ஸ்குவாட்ரன் அப்படிப்பட்டதன்று. அது ஓர் அமைப்பின் பெயர். நம் பள்ளியில் மாணவர் தொகை ஏறும், இறங்கும், ஆசிரியர்கள் மாறுவார்கள், ஆயினும் பள்ளி அதே பள்ளிதானே?

இனி ஜொகூர் நிகழ்ச்சிக்கு வருவோம். போருக்கு முன் சிங்கப்பூரின் செலேத்தார் தளத்தில் பிரிட்டிஷ் ஆகாயப் படையின் 36-ஆவது, 100-ஆவது ஸ்குவாட்ரன்கள் இருந்தன. இவ்விரண்டின் சின்னங்களிலும் உள்ள வாசகங்கள் மலாய் மொழியில் அமைந்தவை. 36-ஆவதின் வாசகம் ‘ராஜாவாலி ராஜா லாங்கிட்’; அதாவது, கழுகே வானத்தின் அரசன். ‘ராஜாவாலி’ என்பது நம் ‘இராஜாளி’யை நினைவூட்டவில்லையா? 100-ஆவதின் வாசகம், குளவிக் கூட்டைக் குத்தாதே என்று பொருள்படும் மலாய்ப் பழமொழி.

1942 ஜனவரி 26-ஆம் நாள், ஜொகூரின் வடகிழக்கு மூலையிலுள்ள எண்டாவில் ஜப்பானியர் கப்பல்களிலிருந்து இறங்கினர். அவர்களைத் தாக்க முதல் தடவையாக 12 வில்டபீஸ்ட் விமானங்களும் 9 ஹட்சன் விமானங்களும் சென்றன. வில்டபீஸ்ட் என்பது 1928-இல் முதன்முதலாகப் பறந்த இரட்டைத்தட்டு இறக்கை விமானம், மூவர் அமர்ந்து செல்வது, வேகம் குறைந்தது. பட்டப்பகலில், ஜப்பானியச் சண்டை விமானங்கள் காவல் நின்ற வானத்தில் அவை பறந்தன. அன்று பிற்பகலில் இரண்டாம் தடவையும் சென்றன. பத்துக்கும் மேற்பட்ட இரட்டைத்தட்டு விமானங்கள் திரும்பி வரவில்லை. இரு ஸ்குவாட்ரன்களின் தலைவர்களும் அன்று மாண்டனர்.

முதல் தடவை சென்ற 12 வில்டபீஸ்ட் விமானங்களை ‘ஒரு ஸ்குவாட்ரன்’ என்று சொல்லலாமா? கூடாது. அவை இரண்டு ஸ்குவாட்ரன்களிலிருந்தும் புறப்பட்டவை. ஒன்றாகப் பறப்பதை ‘அணிவகுப்பு’ என்க. எந்த அமைப்பைச் சேர்ந்தவை என்பதைச் சொல்லவே ‘ஸ்குவாட்ரன்’ வேண்டும்.

பிறகு என்ன நடந்தது? மிஞ்சிய விமானங்கள் ஜாவாவுக்குச் சென்றன. இரு ஸ்குவாட்ரன்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. மார்ச்சு மாதத்தில் ஜாவாவும் வீழ்ந்தது. 36-ஆவதின் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பர். ஆனால் 1942 அக்டோபர் 22-ஆம் நாள் அதே 36-ஆவது ஸ்குவாட்ரன் மீண்டும் அமைக்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சோழ நாட்டுத் தஞ்சாவூரில்! விமானங்கள் புதியவை, அவற்றின் பெயர் வெலிங்டன். வேலையும் புதியது; வங்கக் கடலைக் காவல் புரிவது. ஆனால் எண் அதே எண். சின்னம் அதே சின்னம். மலாய் வாசகமும் அதே வாசகம். 1975-இல் கலைக்கப்படும்வரை அவை நிலைத்தன. அக்குரோணிக்கும் ஸ்குவாட்ரனுக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்கும்.

இனி, எழுதும்போது கவனிக்க வேண்டியவை.

முதலாவது, எண். ‘36-ஆவது ஸ்குவாட்ரன்’ என்பது வேறு. ‘36 ஸ்குவாட்ரன்கள்’ என்பது வேறு. தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020 ஜனவரியில் இந்திய ஆகாயப் படையின் 222-ஆவது ஸ்குவாட்ரன் நிறுத்தப்பட்டது. அங்கே 222 ஸ்குவாட்ரன்கள் இருப்பதாக அதற்குப் பொருளில்லை. மொழிபெயர்ப்பில் ‘ஆவது’ விழுந்துவிட்டால் பொருளே கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது, பதவி. ‘ஸ்குவாட்ரன் லீடர்’ என்பது ஒரு பதவித் தரத்தின் பெயர். எண்டாவில் மாண்ட தலைவர்கள் அந்தத் தரத்தில் இருந்துகொண்டே ஸ்குவாட்ரனை நடத்தினார்கள். இன்றைய இந்திய ஆகாயப் படையிலோ ஸ்குவாட்ரனை நடத்துபவர் பெரும்பாலும் அதற்கு மேற்பட்ட தரத்தில் இருப்பவர். ஆகவே ‘ஸ்குவாட்ரன் லீடர்’ என்பதைப் ‘படைப்பிரிவின் தலைவர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்க்கலாகாது.

மூன்றாவது, படை மரபு. நமது அரச மலேசிய ஆகாயப் படையில் ‘ஸ்குவாட்ரன்’ வழங்குகிறது. குளுவாங்கிலுள்ள இராணுவத்தின் ஆகாயப் பிரிவோ 881-ஆவது ‘ரெஜிமென்ட்’ என்று பெயர் பெற்றது. இரண்டும் பறக்கும் பிரிவுகள்தாம். எனினும் அந்தந்தப் படை தனக்கு வைத்துக்கொண்ட பெயரையே நாமும் எழுத வேண்டும்.

நான்காவது, ஆட்கள். ஸ்குவாட்ரன் என்றவுடன் விமானியை மட்டும் நினைக்கிறோம். இயந்திரம் பழுது பார்ப்பவர், குண்டு ஏற்றுபவர், வானொலிக் கருவியைக் கவனிப்பவர், கணக்கு எழுதுபவர் ஆகிய அனைவரும் அதில் அடக்கம். பறப்பவரைவிடத் தரையில் நிற்பவரே அதிகம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவரோடு வேலை முடிந்துவிடுகிறதா? பாலை உறைய வைப்பவரும் புகைக்கூட்டில் காய வைப்பவரும் இல்லாமல் ஒரு தகடு ரப்பர்கூட வெளியே போகாதே! இதுவும் அதுபோலத்தான்.

இறுதியாக ஒன்று. ‘ஸ்குவாட்ரன் அழிந்தது’ என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த அமைப்பு தஞ்சாவூரில் மீண்டும் எழுந்தது. எண்டாவில் விழுந்தவர்கள் எழவில்லை. எண்ணுக்கு மறுபிறப்பு உண்டு, மனிதருக்கு இல்லை. ஆகவே எத்தனை விமானங்கள் வீழ்ந்தன, எத்தனை பேர் மாண்டனர், எந்த ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர்கள் என்று மூன்றையும் பிரித்து எழுதுவோம். சொல்லைச் சரியாக ஆள்வது மாண்டவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையும் ஆகும்.

மாணவர்களே, ஆகாயப் படையைப் பற்றிய செய்தி ஒன்றை நாளிதழில் தேடுங்கள். அதிலுள்ள ‘பிரிவு’, ‘அணி’ என்னும் சொற்கள் அமைப்பைக் குறிக்கின்றனவா, அணிவகுப்பைக் குறிக்கின்றனவா என்று கண்டு, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.